கிள்ளான் பஸ்ஸைப் படம் பிடிக்க வருகிறவர்களுக்கு

பஸ் பார்ப்பதற்கென்றே ஒருவன் வெளியூரிலிருந்து வருவானா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டேன். வருவான். ஈப்போவிலிருந்து வந்தார்கள், சிரம்பானிலிருந்து வந்தார்கள், பினாங்கிலிருந்து ஒருவர் லீவு போட்டுவிட்டு வந்தார். ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய காலம் அது. தோளில் துணிப்பை, பைக்குள் பெட்டிக் கேமரா, கண்ணில் ஒரு கிறுக்கு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அண்ணே, கிள்ளான் பஸ் எங்க நின்னு எடுத்தா நல்லா விழும்?" என்பார்கள். என் வீட்டுக்காரி காப்பி கலக்க உள்ளே போவாள். நான் விதிகளைச் சொல்ல ஆரம்பிப்பேன்.

நான் ரயில்வேயில் சரக்கு ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. சோறு போடுவது ரயில், சொக்கிக் கிடப்பது பஸ்ஸிலா என்று ஆபீஸில் கேலி செய்யாதவன் கிடையாது. செய்யட்டுமே. ரயில் போட்ட தண்டவாளத்தில் போகிறது, அதில் என்ன இருக்கிறது? பஸ் அப்படியில்லை. கடல் தாண்டி வந்த என்ஜின், சீனத் தச்சர் அடித்த மர உடம்பு, தமிழனோ மலாய்க்காரனோ கையில் ஸ்டியரிங். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. ஏழெட்டுப் பேர் மட்டும் ஏறுகிற குட்டி வண்டிகளைக் கொசு பஸ் என்பார்கள். அவை அம்பாங் சாலையில் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடும்போது எனக்குக் கால் தரையில் நிற்காது.

ஆனால் இப்போது அந்த விதிகளை யாருக்காவது சொல்லும்போது எனக்குக் குரல் முன்போல ஏறுவதில்லை. நான் எடுத்த கிள்ளான் பஸ் படங்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. ஒரு பெண் என்னிடம் வந்து அதிலிருந்து ஒரே ஒரு முகம் கேட்டாள். அவள் வயிற்றிலிருந்த குழந்தைக்குக் காட்டுவதற்கு. அதைத்தான் எழுதப் போகிறேன். விதிகளையும் சொல்கிறேன், அவை இல்லாமல் இது விளங்காது.

கிள்ளானுக்குப் போகும்போது ரயிலில் போங்கள். திரும்பும்போது பஸ்ஸில் வாருங்கள். ரயில்வேக்காரன் என்பதால் சொல்லவில்லை. காலையில் கிள்ளானிலிருந்து புறப்படும் வண்டி கிழக்கே பார்த்து நிற்கும். சூரியன் அதன் மூஞ்சியில் விழும். ரேடியேட்டரின் பித்தளை, விளக்கு, மேலே எழுதிய பலகை எல்லாம் பளிச்சென்று வரும். நீங்கள் சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கூரையின் நிழல் கீழே இறங்கி வண்டியின் முகம் கறுத்துவிடும். அப்புறம் எடுப்பதும் எடுக்காததும் ஒன்று.

உட்காருவதென்றால் முன்னால், டிரைவருக்குப் பக்கத்தில். என்ஜின் சூடு காலைப் பொசுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பின் சீட்டில் உட்கார்ந்தால் பத்து தீகா என்கிற ஊர்ப்பக்கத்துப் பள்ளங்களில் தலை கூரையில் இடிக்கும். மழை வந்தால் பக்கத்துக் கித்தானை அவிழ்த்து விடுவார்கள், உள்ளே இருட்டு. அப்போது கேமராவை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்துவிட்டு ரப்பர் மரங்களின் வாசனையை மட்டும் அனுபவியுங்கள். எடுத்த சுருளைக் கழுவாமல் போட்டுவைக்காதீர்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

பலகை தெரிய வேண்டும். பலகையில் ஊர்ப் பெயர் படிக்க முடியாத பஸ் படம் எங்கள் கணக்கில் படமே இல்லை. சக்கரம் முழுதாகத் தெரிய வேண்டும். ஆள் இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதிக்காக நான் போட்ட சண்டை கொஞ்சமில்லை. கேமராவைக் கண்டதும் தோட்டத்து ஆட்கள் சிலர் ஆயுசு குறைந்துவிடும் என்று முகத்தை மூடிக்கொண்டு ஓடுவார்கள். மற்றவர்கள் தலையை வாரிக்கொண்டு வண்டிக்கு முன்னால் வரிசையாக நின்றுவிடுவார்கள். "பஸ்ஸைத்தான் பிடிக்கிறேன், உங்களை இல்லை, நகருங்க" என்று நான் கத்துவேன். முகம் சுருங்கிப் போய் நகருவார்கள்.

சொல்லாமலே நகர்ந்தவன் ஒருவன்தான். கிள்ளான் பஸ் டிரைவர். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவன். ஒல்லி, நல்ல உயரம். தலையில் எப்போதும் ஒரு துண்டைச் சுற்றியிருப்பான். அதன் முனையை உள்ளே சொருக மாட்டான், அது காதுக்கு மேலே வாலாக நீட்டிக்கொண்டிருக்கும். வண்டி தவுக்கே என்கிற சீன முதலாளியுடையது, ஆனால் அதைப் பார்த்துக்கொண்ட அழகைப் பார்த்தால் இவன் வீட்டில் பிறந்தது என்று நினைப்பீர்கள். முதல் ரயிலில் நான் கிள்ளானில் இறங்கி ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டி நிற்கும் இடத்துக்குப் போனால், ரேடியேட்டரைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருப்பான்.

"வாங்கண்ணே. இன்னிக்குச் சீக்கிரமா வந்துட்டீங்க. கொஞ்சம் இருங்க, பலகையைத் தொடச்சிடறேன்."

"தொடச்சது போதும் தம்பி, சூரியன் உனக்காக நிக்காது."

"நீங்க ஒருத்தர், அதட்டிக்கிட்டே இருப்பீங்க லா" என்று சிரிப்பான்.

அந்தக் கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். பார்க்கிற கண்ணாடி தபால் தலை அளவு. வெளிச்சத்தில் அதில் ஒன்றும் தெரியாது. இதை அவன் ஒரு நாள் கவனித்திருக்கிறான். அடுத்த தடவை நான் குனிந்ததும் யாரோ கேமராவுக்கு மேலே குடை பிடித்த மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவன்தான், கறுப்புக் குடையுடன் பக்கத்தில் நிற்கிறான். கண்ணாடிக்குள் பஸ் துல்லியமாகத் தெரிந்தது. அன்றிலிருந்து அது அவன் வேலையாகிவிட்டது. நான் கேமராவைப் பையிலிருந்து எடுக்குமுன் அவன் சீட்டுக்கடியிலிருந்து குடையை எடுத்துவிடுவான். கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, நான் பொத்தானைத் தட்டும் வரை மூச்சுவிடாமல் நிற்பான்.

ஒரு தடவை கேட்டேன். "நீயும் போய் வண்டிக்குப் பக்கத்துல நில்லேன். ஒண்ணு எடுப்போம்."

என் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததே ஆச்சரியம். அவன் தலையை ஆட்டிவிட்டான்.

"நான் அங்க போயிட்டா குடை யாரு பிடிக்கிறது? அதோட, ஆளு நின்னா பஸ் படம் கெட்டுப் போயிரும்னு நீங்கதான சொல்வீங்க." அப்புறம் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னான். "எங்களை எடுக்க ஸ்டூடியோவுக்குப் போறோம்ணே. கல்யாணத்தப்பவே எடுத்திருக்கணும், தள்ளிப் போச்சு. இப்ப அவ முழுகாம இருக்கா. கொழந்தை பொறக்கட்டும், மூணு பேரா ஒரே படமா எடுத்துக்குவோம்னு சொல்லிட்டேன். பாசார்ல கண்ணாடிச் சட்டம்கூட வாங்கிட்டேன்."

"படம் எடுக்கறதுக்கு முன்னாடியே சட்டமா?"

"நல்ல சட்டம்ணே. பூ வேலை போட்டது. விட்டா வேற யாராவது வாங்கிட்டுப் போயிருவான்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வழி நெடுக அதைச் சொல்லியே அவனைக் கிண்டல் செய்துகொண்டு வந்தேன். அவன் கோபப்படவில்லை. பெட்டாலிங் தோட்டம் தாண்டுகையில் ஹார்ன் ரப்பரை இரண்டு தடவை அழுத்தினான், அவ்வளவுதான்.

அந்த மழைக்காலத்தில் எனக்கு வடக்கே மாற்று வேலை வந்தது. சில வாரம் ஊரில் இல்லை. திரும்பி வந்து முதல் ஞாயிற்றுக்கிழமையே கிள்ளானுக்கு ரயிலேறினேன். பாலத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. ரேடியேட்டர் துலக்காமல் மங்கிக் கிடந்தது. உள்ளே வேறொருவர் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தம்பி எங்கே?" என்று கேட்டேன்.

"தெரியாதா உங்களுக்கு? காய்ச்சல் தலைக்கேறிப் போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ரெண்டாம் நாளே முடிஞ்சிருச்சு. மழையோட மழையா பொணத்தை எடுத்துட்டாங்க."

நான் கேமராப் பையைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். வண்டி புறப்பட்டுப் போனது. நான் அதில் ஏறவில்லை. என் வாழ்க்கையில் புறப்பட்ட பஸ்ஸை ஏறாமல் விட்டது அன்றுதான்.

வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். ஆற்றோரம் பலகை வீடுகள். அவன் பெண்சாதி சின்னப் பெண், நிறை மாதத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போல. பக்கத்து வீட்டு அம்மாள் துணைக்கு இருந்தாள். நான் யாரென்று சொன்னதும் அந்தச் சின்னப் பெண்ணின் முகம் மாறியது.

"படம் பிடிக்கிற கிராணியா நீங்க? வாங்கண்ணே. உங்களை எங்க தேடறதுன்னு தெரியாம இருந்தேன்."

துக்கம் விசாரிக்கப் போனவனைத் தேடிக்கொண்டிருந்தேன் என்கிறாளே என்று எனக்குப் புரியவில்லை. அவள் சுவரைக் காட்டினாள். சாமி படங்களுக்குப் பக்கத்தில் அந்தச் சட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. ஓரமெல்லாம் பூ வேலை. கண்ணாடிக்குப் பின்னால் வெறும் அட்டை.

"அவரு மூஞ்சி ஒரு படத்துலயும் இல்லண்ணே. செத்த அன்னிக்காவது உக்கார வச்சு எடுத்திருப்பாங்க, மழையில யாரும் வரல. உங்ககூட எப்பவும் நின்னாரே, உங்ககிட்ட கண்டிப்பா இருக்கும்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன். கொழந்தை பொறந்து எங்கப்பா எப்படி இருப்பாருன்னு கேட்டா நான் எதைக் காட்டறது? ஒண்ணே ஒண்ணு குடுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்."

இருக்கும், கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல முடியும்? ஒரு டின் நிறையப் படம் இருக்கிறது, ஒன்றிலாவது இல்லாமலா போய்விடும் என்று மனதாரத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து டின்னைக் கூடத்தில் கவிழ்த்தேன். பஸ், பஸ், பஸ். முன்னால் பார்த்த பஸ், பக்கவாட்டில் பஸ், பாலத்தின் மேல் பஸ், வெள்ளத்தில் நிற்கிற பஸ். எல்லாவற்றிலும் பலகை படிக்கும்படி இருந்தது. எல்லாவற்றிலும் சக்கரம் முழுதாக இருந்தது. டிரைவர் சீட்டில் அவன் இருந்திருக்க வேண்டிய ஒன்றிரண்டு படங்களில் கண்ணாடியில் வெயில் பட்டு வெள்ளையாகப் போயிருந்தது. என் வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"இத்தனை வருசத்துல ஒரு மனுசன் மூஞ்சி இல்லையே இதுல" என்றாள். அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பஸ் படத்துல பஸ்தான் இருக்கும்" என்று கத்திவிட்டு வெளியே போய் நின்றேன். யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

ஈப்போக்காரர், சிரம்பான்காரர், பினாங்குக்காரர் எல்லோருக்கும் எழுதிப் போட்டேன். அவர்களும் அவன் வண்டியில் ஏறியவர்கள், அவன் குடை நிழலில் படம் எடுத்தவர்கள். பதில் வந்தது. அருமையான பஸ் படங்களாக அனுப்பியிருந்தார்கள். அவன் ஒன்றிலும் இல்லை. அவர்கள் விதி தவறாதவர்கள். விதியைச் சொல்லிக் கொடுத்தவன் நான்தானே.

கண்ணாடி வெளுத்துப்போன அந்தப் படத்தை மறுபடி அழுத்தமாக அச்சுப் போட்டால் முகம் கொஞ்சமாவது எழும்புமா என்று பார்க்கத்தான் பழைய பிலிம்களை எடுத்தேன். ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். பிலிமில் எல்லாம் தலைகீழ். கறுப்பு வெள்ளையாக இருக்கும், வெள்ளை கறுப்பாக இருக்கும். அதற்கு அடுத்த பிலிமில் வண்டி கறுத்துக் கிடந்தது. அதற்குக் கீழே, மண் தரை இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாக இரண்டு உருவம் நின்றன.

ஒரு கணம் பேயோ என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் விளங்கியது. காலை வெயில் முதுகில் பட்டால் எடுப்பவன் நிழல் நீளமாக முன்னால் விழும். அது படத்துக்குள் வந்துவிட்டால் எங்களுக்குப் பெரிய அவமானம், கற்றுக்குட்டி வேலை என்பார்கள். அதனால் படம் போட்டு வந்ததும் அடிப்பக்கத்தைக் கத்தரியால் நறுக்கி எறிந்துவிடுவது எல்லோரும் செய்வதுதான். டின்னில் இருந்ததெல்லாம் நறுக்கிய படங்கள். பிலிமை யாரும் நறுக்குவதில்லை.

குட்டையாகக் குனிந்து நிற்பது நான். பக்கத்தில் உயரமாக, ஒரு கை நீட்டி, கையில் குடை. இடுப்புக்கு மேலே முழுதாக இருந்தான். காதுக்கு மேலே அந்தத் துண்டின் வால்கூட நீட்டிக்கொண்டிருந்தது. நான் பிலிமைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். என் வீட்டுக்காரி பதறி ஓடிவந்தாள். அவளிடம் பிலிமைக் கொடுத்தேன்.

ஸ்டூடியோவில் கொடுத்து, அடியில் ஒரு நூல்கூடக் குறையாமல் பெரிதாகப் போட்டுத் தரச் சொல்லி வாங்கினேன். கிள்ளானுக்குக் கொண்டுபோகும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. முகம் கேட்டவளுக்கு நிழலைக் கொண்டுபோகிறேன். இதைவிட வெறுங்கையோடு போவது மேலா என்று ரயிலில் யோசித்துக்கொண்டே போனேன்.

அவள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். முதலில் வண்டியின் கண்ணாடியைத்தான் தேடினாள், டிரைவர் சீட்டில். வெள்ளையாக இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தங்கச்சி, மூஞ்சி கிடைக்கல. எங்கயும் கிடைக்கல. கீழ பாரும்மா" என்றேன்.

பார்த்தாள். அவள் விரல் அந்த நீட்டிய கையின் மேல் போனது, தோளுக்குப் போனது, தலைக்குப் போனது. துண்டின் வால் இருந்த இடத்தில் நின்றது.

"இந்த வாலை உள்ள சொருகுங்கன்னு தெனம் சொல்வேன்" என்றாள். "காத்துல பறந்து கண்ணை மறைக்கும், வண்டி ஓட்டற ஆளுன்னு சொல்வேன். கேக்கவே மாட்டாரு." பக்கத்து வீட்டு அம்மாள் அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் அழுது முடிக்கிற வரை நான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கித் துடைத்தாள். இன்றைக்கே மாட்டிவிட வேண்டும் என்றாள். மூன்று பேரும் பாசாரில் கண்ணாடி போடுகிற கடைக்குப் போனோம், அந்த நிலையிலும் அவள் நடந்தே வந்தாள். கடைக்காரர் படத்தைச் சட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தார். படம் நாலு விரல் உயரம் கூடுதலாக இருந்தது.

"நல்ல படம். பஸ் சுத்தமா விழுந்திருக்கு" என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "கீழ மட்டும் யாரு நிழலோ விழுந்து கெடுத்திருக்கு. அந்த நாலு விரலை நறுக்கிட்டா சரியா உக்காந்துரும்." சொல்லிக்கொண்டே மட்டப் பலகையை நிழலின் தலைக்கு மேலாக வைத்துக் கத்தியை எடுத்தார்.

அவள் கையை நீட்டிப் படத்தின் அடிப்பாகத்தை மூடிக்கொண்டாள்.

"அது எங்க வீட்டுக்காரருண்ணே. பஸ்ஸை வெட்டிக்குங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். மேலே வெட்டினால் கூரை போய்விடும். கோலாலம்பூர் கிள்ளான் என்று அவன் துடைத்துத் துடைத்து வைத்த பலகையும் போய்விடும். நான் சரியென்று தலையாட்டினேன். அவர் மட்டப் பலகையை மேலே நகர்த்தி வைத்து வெட்டினார்.